வின்லேட்டர் காட்டுல பசங்களோட ஜியோகேஷிங்: எந்தப் பக்கம் நடந்தா நல்லது?

குறிஞ்சிப்பூ:

வணக்கம் மக்களே. அக்டோபர் ஹாஃப் டெர்ம் லீவுக்கு வட இங்கிலாந்து லேக் டிஸ்ட்ரிக்ட்ல கெஸ்விக் பக்கத்துல ஒரு காட்டேஜ் எடுத்திருக்கோம், லெஸ்டர்ல இருந்து கார்ல வர்றோம். பையனுக்கு பதினொண்ணு, பொண்ணுக்கு ஏழு, ரெண்டு பேருக்கும் ஜியோகேஷிங்னா உயிரு, அதாங்க யாரோ ஒளிச்சு வச்ச டப்பாவை (அதுக்குப் பேர் தான் கேஷ்) ஜிபிஎஸ் வச்சு தேடற விளையாட்டு. இதுவரைக்கும் எங்க ஏரியா பார்க், கால்வாய்க்கரை, சர்ச் வாசல் பெஞ்சு இந்த மாதிரி இடத்துல தான் தேடியிருக்கோம், பாதிக்கு மேல விரல்நுனி சைஸ் காந்த டப்பா, உள்ள சுருட்டி வச்ச பேப்பர்ல பேரை எழுதிட்டு அடுத்ததுக்கு கிளம்பிடுவோம். இப்ப பையன் மலை மேல பெரிய மரங்களுக்கு நடுவுல நிஜமான பொட்டியா தேடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்.

மேப்ல பாத்தா வின்லேட்டர் காட்டுக்குள்ளயும் அதைச் சுத்தியும் கேஷ் இருக்கு, ஆனா எதை எதோட சேத்தா ஒரு நாள் நடைக்கு சரியா வரும்னு பிடிபடல. எனக்கு எண்ணிக்கை முக்கியம் இல்ல, நாலு கிடைச்சாலும் போதும், போற வழி அழகா இருக்கணும், மேல போய் நின்னா ஏரி மலை எல்லாம் தெரியணும். ஏழு வயசுக்காரி எவ்வளவு ஏறுவா? காட்டுக்குள்ள போன் ஜிபிஎஸ் நம்பலாமா, இல்ல தனியா கருவி ஏதாவது வாங்கணுமா? அப்புறம் தஞ்சாவூர்ல இருந்து எங்க அத்தை வந்திருக்காங்க, முட்டி வலி, ரொம்ப ஏற முடியாது, அவங்களுக்கும் அந்த நாள் நல்லா போகணும். கடைசியா ஒண்ணு, பசங்க அங்க அவங்க பேர்ல ஒரு டப்பா ஒளிச்சு வச்சுட்டு வரணும்னு ஆசைப்படறாங்க, அது முடியுமா?

போய்ட்டு வந்தவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.


பென்ரித்வாசி:

வாங்க சிஸ்டர், நல்ல இடமா பாத்து பிடிச்சிருக்கீங்க. நான் இருக்கறது பென்ரித், லீவு நாள்ல பாதி அந்தக் காட்டுல தான் கழியும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல இடம். கெஸ்விக்ல இருந்து பிரெய்த்வெய்ட் ஊரைத் தாண்டி ஏறினா கார்ல கால் மணி நேரம் கூட ஆகாது, ரோடு உச்சிக்கு வர்ற இடத்துலயே விசிட்டர் சென்டர், அதுவே கடல் மட்டத்துக்கு மேல 1000 அடி. அதாவது பாதி ஏத்தத்தை கார் ஏறிக் குடுத்துடும், பசங்களுக்கு இது பெரிய உபகாரம். பார்க்கிங்க்கு காசு உண்டு, கஃபே டாய்லெட் எல்லாம் அங்கயே.

நீங்க கேக்கற மாதிரி வழின்னா என்னோட ஓட்டு சீட் ஹவ் உச்சிக்குத்தான். 496 மீட்டர், விசிட்டர் சென்டர்ல இருந்தே அடையாளக் கம்பம் நட்டிருப்பாங்க, பெரும்பகுதி அகலமான காட்டு ரோடு, கடைசில மட்டும் கொஞ்சம் செங்குத்தா பாதை. சும்மா நடந்தா சீக்கிரம் முடியும், தேடிட்டே போனா அரை நாள் வச்சுக்கோங்க. மேல போய் கிழக்கு பாத்து நின்னா இடது பக்கம் கீழ பாஸன்த்வெய்ட் ஏரி, அதுக்கு மேல 931 மீட்டர் ஸ்கிடா மலை, வலது பக்கம் டெர்வென்ட் வாட்டரும் கெஸ்விக் ஊரும். அவ்வளவு நேரம் மரத்துக்குள்ளயே வந்துட்டு திடீர்னு அப்படி ஒண்ணு விரியும். ஏழு வயசு தாராளமா ஏறும்ங்க, அதுவும் வழில தேட ஏதாவது இருந்தா குழந்தைங்களுக்கு கால் வலியே தெரியாது, நீங்களே பாத்திருப்பீங்க.

இன்னும் தெம்பு இருந்தா லார்ட்ஸ் சீட், 552 மீட்டர். காட்டை விட்டு வெளில வந்து புதர்மேடு. அங்க இருந்து பார்ஃப்னு ஒரு சின்ன உச்சிக்கும் போகலாம், நடுவுல சதுப்பு இருக்கு, மழை பேஞ்சிருந்தா கணுக்கால் வரைக்கும் உள்ள போகும். பார்ஃப் முனைல நின்னா ஏரி காலுக்கு நேர் கீழ. ஆனா ஒண்ணு, பார்ஃபுக்கு ஏரிப் பக்கம் கீழ இருந்து நேரா ஏறற வழி ஒண்ணை மேப் காட்டும், வெள்ளை சுண்ணாம்பு அடிச்ச பாறை ஒண்ணு நடுச்சரிவுல நிக்கும், பிஷப்னு பேரு, 1783ல ஒரு பிஷப் குதிரைலயே மேல ஏறிடறேன்னு பந்தயம் கட்டி விழுந்து செத்தார்னு கதை. அந்தச் சரிவு முழுக்க உதிரிக் கல்லு, பசங்களோட அந்தப் பக்கம் போகவே கூடாது. அந்த ஏரியால எந்த கேஷ் காட்டினாலும் காட்டு வழியா சுத்தி மேல வந்து பாருங்க, இல்லைன்னா விட்டுடுங்க.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன், இதை யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. மலைக்காட்டுல கேஷ் கண்டுபிடிக்கறதுக்கு போனை விட மரம் தெரிஞ்சிருக்கணும். ஊர்ல ஹிண்ட் (கேஷ் வச்சவர் குடுக்கற துப்பு) "பெஞ்சுக்கு அடில"னு இருக்கும், காட்டுல "லார்ச் மரத்தடி", "டக்ளஸ் ஃபர் கட்டை"னு தான் இருக்கும், சுத்தி ஆயிரம் மரம் நிக்கும். நாலே நாலு மரம் பசங்களுக்கு சொல்லிக்குடுங்க, போதும்.

லார்ச் ஊசியிலை மரம் தான், ஆனா குளிர்காலத்துல இலையைக் கொட்டிடும். ஊசி மெத்துனு கொத்துக் கொத்தா இருக்கும், அக்டோபர் கடைசில அப்படியே பொன் நிறத்துக்கு மாறிடும், நீங்க வர்ற சமயத்துல கண்ணை மூடிட்டு கூட சொல்லிடலாம். சிட்கா ஸ்ப்ரூஸ் ஊசி கையில பட்டா சுருக்குனு குத்தும், ஒரு தடவை தொட்ட குழந்தை மறக்காது. ஸ்காட்ஸ் பைன் ஊசி ரெண்டு ரெண்டா ஜோடியா இருக்கும், மேல் பாதி மரப்பட்டை செம்மண் நிறத்துல மினுங்கும். டக்ளஸ் ஃபர்க்கு கீழ விழுந்து கிடக்கற காயை எடுத்துப் பாருங்க, ஒவ்வொரு செதிலுக்கும் நடுவுல இருந்து மூணு முனையா ஒரு சின்ன நாக்கு வெளில நீட்டிட்டு இருக்கும், வேற எந்தக் காய்லயும் அப்படி இருக்காது. மேல அண்ணாந்து பாக்கவே வேண்டாம், காலடில கிடக்கற காயைப் பாத்தே எந்த மரத்தடில நிக்கறோம்னு பையன் சொல்லிடுவான்.

இன்னொரு சங்கதி, எனக்கு ரொம்பப் பிடிச்சது. உலகத்துலயே முதல் ஜியோகேஷை 2000 மே 3ம் தேதி டேவ் உல்மர்ங்கறவர் அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்துல வச்சார், கறுப்பு பிளாஸ்டிக் வாளி, உள்ள புத்தகம், சாஃப்ட்வேர், ஒரு டின் பீன்ஸ், ஒரு உண்டிவில். அந்த ஆரிகனோட மாநில மரமே டக்ளஸ் ஃபர் தான். டேவிட் டக்ளஸ்ங்கறவர் 1827லயே அதோட விதையை பிரிட்டனுக்கு அனுப்பினார். ஆக அந்த மரமும் அதே ஊரு, மரத்தடில டப்பா தேடற விளையாட்டும் அதே ஊரு. இதைச் சொன்னா பசங்க ரெண்டு பேரும் அந்த மரத்தை விட்டு நகர மாட்டாங்க.


வல்லிபுரம்:

நாங்களும் பிள்ளையளோட போனனாங்கள், சரியான வடிவான இடம். பென்ரித் தம்பி சொன்னதோட நான் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுறன், ஏனெண்டா தாய்மார் பாக்கிற விசயம் வேற.

முதல் விசயம் உண்ணி. பன்னம் பத்தைக்குள்ள பிள்ளையள் கையை விட்டுத் தேடுவினம், அங்கதான் உண்ணி இருக்கிறது, ஒக்டோபரிலயும் இருக்கும், குளிர் வந்திட்டுது எண்டு அசட்டையா இருக்காதேங்கோ. நீளக் காற்சட்டையை சொக்ஸுக்குள்ள விட்டுவிடுங்கோ. வீட்டை வந்த உடன முழங்காலுக்குப் பின்பக்கம், இடுப்பு, காதுக்குப் பின்னால, தலைமயிர் தொடங்கிற இடம் எல்லாம் வடிவாப் பாருங்கோ. கடிச்சுக்கொண்டிருந்தா எண்ணெய், நெருப்பு எண்டு ஒண்டும் செய்யக்கூடாது, மருந்துக் கடையில உண்ணி எடுக்கிற சின்னக் கொழுக்கி ஒண்டு இருக்கு, அதைக் குடுத்து மெல்லமாத் திருப்பி எடுக்கவேணும். பிறகு ஒண்டிலயிருந்து நாலு கிழமைக்குள்ள, சிலவேளை மூண்டு மாசம் வரைக்கும், அந்த இடத்தில வட்டமாச் சிவந்து பெருத்துக்கொண்டு வந்தா உடன ஜிபி டொக்டரிட்டக் காட்டுங்கோ, லைம் எண்ட நோய் வாறது உண்ணி கடிக்கிறதாலதான்.

ரெண்டாவது, சைக்கிள். அந்தக் காட்டுக்குள்ள மலைச் சைக்கிள் ஓடுறதுக்கெண்டே தனிப் பாதையள் இருக்கு, அல்டூரா, குவெர்கஸ் எண்டு பேர். ஆப்பில அம்புக்குறி நேரா அந்தப் பாதைக்குள்ளாலதான் போகச் சொல்லும், ஆனா அதுக்குள்ள நடக்கவே கூடாது. வளைவால சைக்கிள்காரர் பறந்து வருவினம், அவைக்கு எங்களைத் தெரியாது. பிள்ளைக்கு வெளிக்கிட முன்னமே சொல்லிவையுங்கோ, அம்புக்குறி காட்டினாலும் கம்பம் நட்ட நடைபாதையாலதான் போறது எண்டு.

உங்கட மாமிக்கு நான் சொல்லுறது, விசிட்டர் சென்ரரிலயே ஆறுதலா இருக்கட்டும், கிட்ட சமதரையாக் கொஞ்ச வழி நடக்கலாம். காலமை வெள்ளண்ணப் போனா சனம் குறைவு, அப்ப சிவப்பு அணில் வரும். எங்கட ஊர் அணில் மாதிரி முதுகில கோடு ஒண்டும் இல்லை, செம்பட்டை நிறம், குளிர்காலத்துக்குக் காதில மயிர்க் குஞ்சம் நீட்டிக்கொண்டு நிக்கும். என்ர அம்மா அதைப் பாத்திட்டு அந்த இடத்தை விட்டு எழும்பமாட்டன் எண்டு இருந்தவ. சால்வை, பிளாஸ்கில தேத்தண்ணி, இருக்கிறதுக்கு ஒரு மெத்தை, இவ்வளவும் குடுத்துவிடுங்கோ, வாங்கு எல்லாம் ஈரமா இருக்கும்.


அலைவரிசை:

ஜிபிஎஸ் கேள்விக்கு நான் வர்றேன், வேலையே அது சம்பந்தப்பட்டது தான்.

தனிக் கருவி வாங்கத் தேவையே இல்ல. இப்ப வர்ற போன் எல்லாம் அமெரிக்க ஜிபிஎஸ்ஸோட ஐரோப்பாவோட கலிலியோ, இன்னும் மத்த நாட்டு சாட்டிலைட்டையும் சேத்தே கேக்கும். வெட்டவெளில மூணு நாலு மீட்டர் துல்லியம் சுலபமா கிடைக்கும். காட்டுக்குள்ள தான் கணக்கு மாறும். சாட்டிலைட் சிக்னல் நம்ம கைக்கு வர்றப்ப ரொம்ப பலவீனமா இருக்கும், ஈரமான இலை அதை உறிஞ்சும், அடிமரத்துலயும் பாறைலயும் பட்டுத் தெறிச்சு வர்றது நேரா வந்தது போல போனை ஏமாத்தும், பள்ளத்தாக்குல நின்னா வானத்துல பாதியை மலையே மறைச்சுடும். இது மூணும் வின்லேட்டர்ல ஒண்ணா இருக்கு, மழை பேஞ்ச மறுநாள் இன்னும் மோசம். பத்து மீட்டர் தள்ளிக் காட்டினா ஆச்சரியப்படாதீங்க. கேஷ் வச்சவர் அளந்தப்பவும் அதே மரத்தடில நின்னு தான் அளந்திருப்பார், அவர் கணக்குலயும் கொஞ்சம் பிசகு இருக்கும், ரெண்டும் சேரும்.

அதனால பசங்க பண்ற ஒரு காரியத்தை நிறுத்துங்க, கடைசி அஞ்சு மீட்டர்ல அம்பு எங்க திரும்புதோ அங்கல்லாம் ஓடறது. நின்ன இடத்துல அம்பு சுத்தறதுக்கு அர்த்தமே கிடையாது. மாறா இப்படி பண்ணுங்க, மரம் கொஞ்சம் விலகி வானம் தெரியற இடமா பாத்து முப்பது நாப்பது மீட்டர் முன்னாடியே நில்லுங்க, ஒரு நிமிஷம் அசையாம இருந்தா எண்ணு நிலைக்கு வரும், அப்ப அம்பு எந்த மரத்தைக் காட்டுதோ அதை மனசுல வச்சுக்கோங்க. அப்புறம் சுத்தி நடந்து வேற பக்கத்துல இருந்து அதே மாதிரி இன்னொரு தடவை பாருங்க. ரெண்டு கோடும் எங்க வெட்டிக்குதோ அங்க போனை பாக்கெட்ல போட்டுட்டு கண்ணால தேடுங்க. பதினொரு வயசு பையனுக்கு இதை விட நல்ல கணக்குப் பாடம் கிடைக்காது, பொண்ணு ஒரு பக்கம் பையன் ஒரு பக்கம் நின்னு கை நீட்டிக் காட்டினா இன்னும் சுவாரசியம்.

என்ன தேடறதுன்னா, இயற்கைல அப்படி அமையாத எதையும். காத்துல விழுந்த குச்சி எல்லாத் திசைலயும் கிடக்கும், அஞ்சாறு குச்சி ஒரே நீளத்துல பக்கம் பக்கமா படுத்திருந்தா அது மனுஷன் வச்சது. ஒரு கல்லு மேல மட்டும் பாசி இல்லன்னா அதை அடிக்கடி யாரோ தூக்கறாங்க. வேர்ப்பொந்து வாசல்ல கிடக்கற பட்டைத்துண்டு அந்த மரத்துப் பட்டையா இல்லையான்னு பாருங்க, இங்க தான் பென்ரித் அண்ணன் சொன்ன மரப்பாடம் கை குடுக்கும்.

நெட்வொர்க் அங்க இங்க தான் வரும். காட்டேஜ் வைஃபைலயே கேஷ் விவரம், மேப், ஹிண்ட் எல்லாம் இறக்கி வச்சுக்கோங்க. இலவசக் கணக்குல எல்லா கேஷும் தெரியாது, பிரீமியம் ஆளுங்களுக்கு மட்டும்னு சிலது வச்சிருப்பாங்க, ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டிக்கலாம். ஆண்ட்ராய்டுனா சிஜியோனு ஒரு ஆப் இலவசமா இருக்கு, நல்லா இருக்கும். ஹிண்ட்டை ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளி மாத்தி வச்சிருக்கும் இல்லையா, ஆப் தட்டினா அதுவே பிரிச்சுடும், ஆனா பிரிக்காத ஹிண்ட்டை பேப்பர்ல எழுதி பசங்க கையில குடுத்துடுங்க, கார்ல போறப்ப அவங்களே பிரிக்கட்டும். பவர் பேங்க் கட்டாயம், குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும். காகித மேப்பும் ஒண்ணு, அரசாங்க மேப் நிறுவனம் ஆர்ட்னன்ஸ் சர்வேயோட எக்ஸ்ப்ளோரர் வரிசைல ஓஎல் 4, அந்தப் பகுதி முழுக்க அதுல வந்துடும்.

ஒரு பழைய கதையும் சொல்லிடறேன். 2000 மே 1 வரைக்கும் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கு வர்ற சிக்னலை வேணும்னே கெடுத்து அனுப்பிட்டு இருந்துச்சு, 100 மீட்டர் வரைக்கும் தப்பாக் காட்டும். கிளின்டன் உத்தரவுல மறுநாள் அதை நிறுத்தினாங்க, அடுத்த நாளே உல்மர் அந்த வாளியை வச்சுட்டார். நூறு மீட்டர் பிசகுல காட்டுக்குள்ள எந்த டப்பாவைத் தேடறது, சொல்லுங்க.


குறிஞ்சிப்பூ:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி! வல்லிபுரம் அக்கா, உண்ணி விஷயம் எனக்கு சுத்தமா தெரியாது, இன்னிக்கே அந்தக் கொழுக்கி வாங்கிடறேன். அத்தைகிட்ட அணில் பத்தி சொன்னேன், இப்ப அவங்க தான் எல்லாரையும் விட ஆர்வமா இருக்காங்க. பையன் உக்காந்து நாலு மரத்தையும் படம் வரைஞ்சுட்டு இருக்கான்.

ரெண்டு விஷயம் பாக்கி. டப்பா ஒளிச்சு வைக்கற கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. இன்னொண்ணு, ஒரு சில கேஷ்ல கடைசியா வந்தவங்க எல்லாரும் கிடைக்கலைன்னு போட்டிருக்காங்க, ஒருத்தர் "மரமே இல்ல"னு எழுதியிருக்கார். அதெல்லாம் விட்டுடலாமா?


ஈரமண்:

கேஷ் வச்சு பராமரிக்கறவன்ங்கற முறைல இந்த ரெண்டுக்கும் நான் சொல்றேன்.

மரமே இல்லைங்கறது உண்மையாத் தான் இருக்கும். அது தோட்டம் மாதிரி நட்டு வளத்த காடு, முதல் உலகப் போர்ல நாட்டுல மரமே தீந்து போய் 1919ல வனத்துறை ஆரம்பிச்சப்ப முதல்ல நட்ட காடுகள்ல இதுவும் சேரும், அதனால முறை வந்தா வெட்டுவாங்க. அது போக லார்ச்சுக்கு ஒரு கொடிய நோய் பரவிட்டு இருக்கு, ஃபைட்டாப்தோரா ரமோரம்னு பேரு, மழையும் மூடுபனியும் உள்ள மேற்குப் பக்க மலைங்கள்ல வேகமா பரவும், ஒரு மரத்துக்கு வந்துட்டா சுத்தி இருக்கற லார்ச்சையும் சேத்து வெட்டச் சொல்லி உத்தரவு வந்துடும். 2021 நவம்பர்ல ஆர்வென் புயல் வேற வடக்கு இங்கிலாந்து காடுகள்ல ஏகப்பட்ட மரத்தை வேரோட சாச்சுது. அதனால கிளம்பறதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு கேஷுக்கும் கடைசி நாலஞ்சு பதிவைப் படிங்க. தொடர்ந்து கிடைக்கலைன்னு இருந்தா பசங்களோட அதுக்காகத் தனியா ஏற வேண்டாம். வழிலயே இருந்தா எட்டிப் பாருங்க, இல்லைன்னா நீங்களும் கிடைக்கலைன்னு பதிவு போட்டுடுங்க, வச்சவருக்கு அது ரொம்ப உபயோகம். நிறைய பேர் கிடைச்சா மட்டும் எழுதிட்டு கிடைக்கலைன்னா சத்தமில்லாம போயிடறாங்க, வச்சவருக்கு அது போனதே தெரியாது.

மரம் வெட்டற இடத்துல பாதையை அடைச்சு பலகை வச்சிருப்பாங்க, ஞாயித்துக்கிழமை வேலை நடக்கலையே, அம்பது மீட்டர் தானேன்னு உள்ள போகக்கூடாதுங்க. அடுக்கி வச்ச மரக்கட்டை ஒரு குழந்தை ஏறினாலே உருளும். இதுல எந்த சமாதானமும் வேண்டாம்.

இப்ப ஒளிச்சு வைக்கறது. பசங்க ஆசை நியாயமானது, ஆனா வின்லேட்டர்ல நீங்க வைக்க முடியாது. நிலத்துக்காரங்க அனுமதி வேணும், அங்க நிலம் அரசாங்கக் காடுகளைப் பாத்துக்கற ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்தோட பொறுப்பு. பக்கத்து கேஷ்ல இருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்கணும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது. எல்லாத்துக்கும் மேல வச்சவர் அடிக்கடி போய் பாத்துக்கற தூரத்துல இருக்கணும், லீவுக்கு வந்த இடத்துல வச்சுட்டுப் போறதை ரிவ்யூவர், அதாவது புது கேஷை சரிபாத்து அனுமதிக்கறவங்க, ஒத்துக்க மாட்டாங்க. இந்த விதி எனக்கு முழு சம்மதம். நான் வச்ச டப்பாவை மாசக்கணக்கா போய் பாக்காம விட்டா மூடி ரப்பர் வெடிச்சு, உள்ள தண்ணி ஏறி, பேர் எழுதற லாக்புக் கூழாயிருக்கும், பாலித்தீன் பையில பூஞ்சை, அந்தக் கூழுக்குள்ள யாரோ ஒரு குழந்தை வச்ச பொம்மை. அதுக்குப் பேர் கேஷ் இல்ல, குப்பை. அடுத்து வர்ற குழந்தை கையில அதைக் குடுக்கக்கூடாது.

அதுக்கு பதிலா இதைப் பண்ணுங்க. டிராவல் பக்னு ஒரு சின்ன உலோகத் தகடு விக்கும், நாய் கழுத்துப்பட்டைல தொங்கற வில்லை போல, ஒவ்வொண்ணுக்கும் தனி எண் இருக்கும். பசங்களோட ஒரு குட்டி பொம்மையை அதுல கோத்து, எண்ணைப் பதிவு பண்ணிட்டு, வின்லேட்டர்ல கிடைக்கற பெரிய பொட்டில வச்சுடுங்க. எடுக்கறவர் வேற ஊர் பொட்டில வைப்பார், அது எங்க எங்க போகுதுனு வீட்ல உக்காந்தே மேப்ல பாக்கலாம். என் பொண்ணு அனுப்பினது இப்ப நார்வேல இருக்கு. ஒளிச்சு வைக்கணும்ங்கற ஆசைக்கு லெஸ்டர்ல உங்க வீட்டுக்குப் பக்கத்துலயே நிலத்துக்காரங்க அனுமதியோட ஒண்ணு வைங்க, பசங்களே வாராவாரம் போய் பாத்துக்குவாங்க.

பொட்டில இருந்து ஒண்ணு எடுத்தா அதே மதிப்புல இல்ல கூடுதலா ஒண்ணு வைக்கணும், இது உங்க பசங்களுக்கே தெரியும். காட்டுக்குக் கூடுதலா ஒரு விதி, மிட்டாய் பிஸ்கட் எதுவும் உள்ள போகக்கூடாது, வாசனைக்கு எலி வந்து டப்பாவையே கடிச்சுடும். பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்க, ஈரத் தாள்ல பென்சில் தான் எழுதும். அப்புறம் அந்த மலைப் பக்கம் முழுக்க சிமென்ட் இல்லாம வெறும் கல்லை அடுக்கிக் கட்டின சுவர் பாப்பீங்க, அதுல கேஷ் வைக்கவே கூடாதுனு இங்க விதி இருக்கு, அதனால அதுல ஒரு கல்லைக் கூட பசங்க இழுக்க வேண்டாம். ஒரு கல்லு போனா பத்தடி சரியும், சரி பண்ண வர்றது அந்த விவசாயி தான்.


பென்ரித்வாசி:

ஈரமண் சொன்னதுல ஒவ்வொண்ணும் சரி. நான் விட்டுப்போன ஒண்ணு, வெளிச்சம். லெஸ்டர் பள்ளிக்கூடங்களுக்கு ஹாஃப் டெர்ம் பெரும்பாலும் மத்த ஊரை விட ஒரு வாரம் முன்னாடி வந்துடும் இல்லையா, அப்படின்னா அக்டோபர் கடைசில கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி மாத்தறதுக்கு முன்னாடி வர்றீங்க, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். அதுக்கு அடுத்த வாரம்னா நாலே முக்காலுக்கே சூரியன் போயிடும், காட்டுக்குள்ள அதுக்கும் அரை மணி முன்னாடியே இருட்டு. எப்படி இருந்தாலும் ஆளுக்கொரு டார்ச் பையில இருக்கட்டும், பட்டப்பகல்லயே வேர்ப்பொந்துக்குள்ள பாக்க அது வேணும்.

வானிலை பாத்து நாளை முடிவு பண்ணுங்க, முன்கூட்டியே இந்த நாள் தான்னு வைக்காதீங்க. மேகம் கீழ இறங்கியிருந்தா சீட் ஹவ் போய் பிரயோஜனம் இல்ல, வெறும் வெள்ளை. அந்த நாள் கீழ காட்டுக்குள்ளயே ஓடையோரமா சுத்துங்க, கோம்ப் பெக் பாதை அதுக்கு நல்லா இருக்கும், மழைல அந்த ஓடை சத்தத்தோட பாசி எல்லாம் பளிச்சுனு பச்சையா இருக்கும், தேடறதுக்கும் மரம் குடை பிடிக்கும். தெளிஞ்ச நாள் வந்தா காலைல முதல் வேலையா மேல.

அத்தையை கூட்டிட்டுப் போறதுக்கு இன்னொரு யோசனை, கெஸ்விக்ல இருந்து 77ம் நம்பர் பஸ் வின்லேட்டர் வழியா பட்டர்மியர் போய் ஹானிஸ்டர் கணவாய் ஏறி பாரோடேல் வழியா திரும்ப கெஸ்விக் வரும், ஒரு முழு வட்டம். சீசன்ல மட்டும் தான் ஓடும், உங்க தேதிக்கு இருக்கானு பாத்துக்கோங்க. நீங்களும் பசங்களும் வின்லேட்டர்ல இறங்கிக்கலாம், வீட்டுக்காரர் அத்தையோட அப்படியே சுத்திட்டு வரலாம், ஒரு படி ஏறாம மலை முழுக்க பாத்த மாதிரி. அணிலுக்கு ஒரு நாள், பஸ்ஸுக்கு ஒரு நாள்.


குறிஞ்சிப்பூ:

அண்ணா, பஸ் யோசனையை அத்தைகிட்ட சொன்னேன், ஜன்னலோர சீட்டு தனக்குத் தான்னு இப்பவே சொல்லிட்டாங்க. எங்களுக்கு ஒரு வாரம் முன்னாடி தான் லீவு, அதனால வெளிச்சம் பிரச்சனை இல்ல. டிராவல் பக் ரெண்டு ஆர்டர் போட்டாச்சு, பொண்ணு ஒரு குட்டி யானையை அனுப்பப் போறாளாம், பையன் இன்னும் முடிவு பண்ணல.

சின்ன சந்தேகம், அந்த வாரம் லார்ச் முழுசா நிறம் மாறியிருக்குமா? ஹிண்ட் ரெண்டுல லார்ச்னு இருக்கு, பச்சையா இருந்தா எப்படி கண்டுபிடிக்கறது?


பென்ரித்வாசி:

அந்த வாரம் ஆரம்பிச்சிருக்கும், முழுசா ஆகியிருக்காது, உயரத்துல இருக்கறது முன்னாடி மாறும். பச்சையா இருந்தாலும் கவலையில்ல, சின்னக் கிளையை கையில எடுத்துப் பாருங்க, ஊசி எல்லாம் ஒரு சின்ன முண்டுல இருந்து கிளம்பி கொத்தா விரிஞ்சிருக்கும், தொட்டா குத்தவே குத்தாது. கொத்தும் இருந்து மெத்துனும் இருந்தா லார்ச். குத்தினா சிட்கா, அடுத்த மரத்துக்குப் போங்க.